வாயு மூலை

காத்து நல்லா வரும். யார் கேட்டாலும் இதைத்தான் சொல்ல வேண்டும். அந்த அறைக்குக் காத்து நல்லா வரும், ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும், தனி பாத்ரூம் இருக்கிறது, துணி காயப்போடும் இடம் பக்கத்திலேயே. இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குக் காலையில் பல் தேய்க்கும்போதிருந்து பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன், எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். கட்டப்போகிற வீட்டின் பிளான் சாப்பாட்டு மேஜையில் விரிந்து கிடக்கிறது. சுருண்டுகொள்ளாமல் இருக்க ஒரு ஓரத்தில் ஊறுகாய் ஜாடி, இன்னொரு ஓரத்தில் அவர் மறந்து வைத்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடிக் கூடு. அவர் உரக்கடையைத் திறக்கப் போய்விட்டார். இன்ஜினியர் ரூபன் மதியத்துக்குள் வந்து இதை வாங்கிக்கொண்டு போவார். "இதுதான் கடைசிக்கா, இனி மாத்துறதுன்னா வேற ஆளைப் பாருங்க" என்று போனில் சிரித்துக்கொண்டே சொன்னார், பாதி நிஜமாகத்தான் சொல்லியிருப்பார். நாளைக்கு மனையில் சுண்ணாம்புத் தூள் போட்டு அளந்துவிடுவார்கள், அப்புறம் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட ஆள் வந்துவிடும். ஆக, இன்றைக்கு மதியம் வரைக்கும்தான் இது பென்சில் கோடு. என் கையில் பென்சில் இருக்கிறது, ரப்பர் இருக்கிறது, வீட்டில் என்னையும் மதினியையும் தவிர யாரும் இல்லை. மதினி அடுக்களையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறாள். மனசுக்குள் எனக்கு அவள் இவள்தான். வாயைத் திறந்தால் வாங்க போங்க. கல்யாணமாகிப் பண்ணைக்காட்டுக்கு வந்த நாளிலிருந்து இந்த இரண்டையும் கலந்துவிடாமல் காப்பாற்றி வருகிறேன். அதுவும் ஒரு சாமர்த்தியம்தான்.

மதினி என்பது அவருடைய அக்கா பரிமளம். ஐம்பதைத் தாண்டிவிட்டாள், கல்யாணம் ஆகவில்லை. மூல நட்சத்திரம். ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம் என்று எவனோ வாய்க்கு வந்ததைச் சொல்லி வைக்க, பார்க்க வந்தவர்கள் எல்லாம் கேசரியைத் தின்றுவிட்டு ஜாதகத்தைத் திருப்பி அனுப்பினார்களாம். அப்புறம் தம்பிக்கு வயசாகிறதே என்று அவருக்கு முடித்து வைத்தார்கள், நான் வந்தேன். அதற்குப் பிறகு மதினிக்கு யாரும் பார்க்கவில்லை. பார்ப்பதை நிறுத்துவோம் என்று யாரும் உட்கார்ந்து முடிவெடுக்கவில்லை, ஒரு கட்டத்தில் பேச்சு நின்றுபோய்விட்டது, அவ்வளவுதான். படுத்த படுக்கையாகக் கிடந்த மாமனாரை அவள்தான் பார்த்துக்கொண்டாள். கவின் பிறந்து நான் காய்ச்சலில் விழுந்து கிடந்தபோது அவனை மடியில் போட்டு வளர்த்தவள் அவள். அவன் இப்போது கோயம்புத்தூரில் காலேஜ் படிக்கிறான். எனக்குப் போன் போடுகிறான், "சாப்பிட்டியாம்மா, சரி, அத்தைகிட்டக் குடு" என்கிறான். நான் அத்தையிடம் கொடுக்கிறேன். அத்தை போனைக் காதில் வைத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விடுவாள், சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்கும், நான் என் போன் திரும்பி வருவதற்காக உள்ளே காத்துக்கொண்டிருப்பேன். இதெல்லாம் ஒரு குற்றமா? அவள் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது, அதுதான் என் வியாதி. கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ஒரு சண்டையோடு எப்போதோ தீர்ந்து போயிருக்கும்.

முதல் பிளானில் அவள் அறை ரோட்டு மட்டத்தில் இருக்கும் மேல் தளத்தில், அடுக்களையை ஒட்டி இருந்தது. அவர்தான் ரூபனிடம் சொல்லிப் போட வைத்தார். "அக்காவுக்கு அடுப்படி பக்கத்துல இருந்தாத்தான் தூக்கம் வரும்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு எங்கே குத்தியது என்று அவருக்குத் தெரியாது, நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன். அப்புறம் மனையடி பார்க்கிறவரை வத்தலக்குண்டிலிருந்து கூட்டி வந்தார். மனையைப் பார்த்ததும் அந்த மனுஷனுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. தெற்கே ரோடும் மேடும், வடக்கே பள்ளம், இப்படி ஒரு சரிவு அமையக் கொடுத்து வைத்திருக்க வேண்டுமாம். செருப்பைக் கழற்றிவிட்டு மூலை மூலையாக நடந்து சொன்னார். தென்மேற்கு கன்னி மூலை, அங்கே வீட்டுக்காரர் படுக்க வேண்டும். தென்கிழக்கு அக்னி மூலை, அடுப்பு. வடகிழக்கு ஈசானம், சாமி. கடைசியில் வடமேற்குக்கு வந்து, கையை விசிறி மாதிரி ஆட்டிக் காட்டினார். "இது வாயு மூலை. காத்தோட எடம். இங்க படுக்குறவங்க நெலையாத் தங்க மாட்டாங்கம்மா. கட்டிக்குடுக்குற பொண்ணு இருந்தா இங்க படுக்க வைங்க, சட்டுனு எடம் அமைஞ்சு போயிரும். விருந்தாளிய இங்க படுக்க வைங்க, மறுநாளே பையைத் தூக்கிருவான்." அவர் சிரித்தார், என் வீட்டுக்காரரும் சிரித்தார். மதினி அன்றைக்கு வரவில்லை, வருகிறவருக்குச் சமைத்துக்கொண்டு வீட்டில் இருந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிலையாகத் தங்க மாட்டார்கள் என்ற சொல் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வேறு ஒன்றும் கேட்கவில்லை அதற்கப்புறம்.

சில நாள் அதை உருட்டிக்கொண்டே இருந்தேன். பிறகு அவர் கடையில் இருக்கிற நேரம் பார்த்து ரூபனுக்குப் போன் போட்டேன். "தம்பி, அடுப்படி பக்கத்து ரூமை ஸ்டோர் ரூமாக்கிருங்க. மதினிக்குக் கீழ்த் தளத்துல வடமேற்குல ஒரு ரூம் போடுங்க. காத்து நல்லா வரும்." வடமேற்கு என்றுதான் சொன்னேன். வாயு மூலை என்று சொல்ல நாக்கு வரவில்லை. "சூப்பர்க்கா, எனக்கும் அதுதான் ஈசி" என்றார் அவர், பழம் நழுவிப் பாலில் விழுந்தது. போனை வைத்துவிட்டுக் கை கழுவினேன். எதற்குக் கழுவினேன்? எனக்கு மனையடியில் நம்பிக்கை உண்டா என்றால் சத்தியமாகத் தெரியாது. பூனை குறுக்கே போனால் நின்று பார்த்துவிட்டுப் போகிற ஆள் இல்லை நான். ராகு காலத்தில்தான் பால் காய்ச்சுகிறேன், பால் பொங்காமலா போய்விட்டது? வெறும் மூலைதானே, காத்துதானே என்று ஒரு வாய் சொல்கிறது. நம்பிக்கை இல்லாதவள் எதற்காக மாற்றினாய் என்று இன்னொரு வாய் கேட்கிறது. அதோடு விட்டால் பரவாயில்லை. அது மேலும் கேட்கிறது: போகிறவள் என்றால் எங்கே போவாள்? புருஷன் வீடு கிடையாது. பிறந்த வீடு என்று இருந்தது விற்றுத் தீர்ந்துவிட்டது. தம்பி வீடுதான் வீடு. வாயு மூலையில் படுத்தவர்கள் தங்க மாட்டார்கள் என்றால், போக இடமே இல்லாதவர்கள் எங்கே போவார்கள்? இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நான் எழுந்து ஏதாவது ஒரு வேலை பார்க்கப் போய்விடுவேன். இப்போது போக முடியவில்லை. பிளான் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். போகிற இடம் என்று நான் நினைத்தது ஒன்றே ஒன்றைத்தான், வேறு இடம் அவளுக்கு இருந்தால்தானே நினைக்க. அய்யோ, அப்படி நினைக்கவில்லை. சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். இரண்டுக்கும் நடுவில் எத்தனை தூரம் என்று யாராவது அளந்து சொன்னால் தேவலை.

"ஜெயா, ரசத்துக்குப் புளி ஊறப் போட்டியா?" அடுக்களையிலிருந்து மதினி கேட்கிறாள். "போடல மதினி." "சரி நீ பாரு, நான் போட்டுக்கிறேன்." நீ பாரு. பிளானைப் பார் என்கிறாள். அவளுக்கு என் மேல் சந்தேகம் என்பதே வராது. அவருக்கும் வரவில்லை. புதுப் பிளான் வந்த அன்றைக்கு அவர் பார்த்ததெல்லாம் படிக்கட்டைத்தான். சரிவு நிலத்தில் வீடு கட்டுவதென்றால் இரண்டு வழி என்று ரூபன் சொல்லியிருந்தார். ஒன்று, மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டி, பெரிய தடுப்புச் சுவர் எழுப்பி, எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்குவது. இல்லை, நிலம் இறங்குகிற மாதிரியே வீட்டையும் இறக்கி, மேலே ஒரு தளம் கீழே ஒரு தளம், நடுவில் படி. அவர் ஒரே மட்டம்தான் வேண்டும் என்று நின்றார். "அக்காவால ஏறி எறங்க முடியாது, முட்டி தேஞ்சு போச்சு." நான்தான் மறுத்தேன். மண்ணை வெட்டினால் ஐப்பசி மழைக்குச் சரிந்து வரும் என்றேன், போன வருஷம் மேல் ரோட்டில் சரிந்ததைச் சொன்னேன், வெள்ளி ஓக்கு மரம் வேரோடு வந்து ரோட்டில் படுத்துக் கிடந்ததைச் சொன்னேன். அதெல்லாம் பொய் இல்லை. சின்ன வயசிலிருந்து எனக்கு மண்சரிவு என்றால் ஈரக்குலை நடுங்கும், மழை கொட்டுகிற அன்றைக்கெல்லாம் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன். அப்போது நிஜமாகவே பயத்தில்தான் சொன்னேன், மதினியை நினைத்துச் சொல்லவில்லை. அப்போது நினைக்கவில்லை, சரியா? படி வந்தது மழைக்காக. படி வந்த பிறகுதான் படிக்குக் கீழே யாரை வைக்கலாம் என்று தோன்றியது. ஆனால் இந்த வரிசையைக்கூட நானே பின்னால் அடுக்கிக்கொண்டேனோ என்று சந்தேகமாக இருக்கிறது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு நடந்த கதையையே மாற்றி மாற்றிச் சொல்கிறது, எதை நம்புவது என்று தெரியவில்லை.

நான் கேட்டதெல்லாம் ஒரு அடுக்களை. இந்த வாடகை வீட்டில் இரண்டே அறை. ஹாலில், அடுக்களைக் கதவை ஒட்டி, மதினி படுக்கிறாள். தண்ணீர் குடிக்கப் போனால் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். எங்கள் அறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டால் சத்தம் கேட்குமே என்று கல்யாணமான புதிதில் வெறுமனே சாத்தி வைத்தோம், அப்படியே பழகிவிட்டது. சண்டை போட்டாலும் குசுகுசுவென்று போடுவோம், கோபம் பாதியிலேயே சிரிப்பாகிவிடும், அந்தச் சிரிப்பையும் தலையணையில் அமுக்க வேண்டும். ஒருநாளாவது வாய்விட்டு ஒரு சண்டை போட வேண்டும் என்று எனக்கு ஆசை. காலையில் எழுந்தால் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். நான் எத்தனை சீக்கிரம் எழுந்தாலும் அவள் அதற்கு முன்னால் எழுந்துவிடுவாள். நான் குழம்பு வைத்தால் "லேசா ஒரு கல்லு உப்பு போடட்டுமா?" என்பாள், கேட்டுவிட்டுத்தான் போடுவாள், அந்த ஒரு கல்லில் குழம்பு தூக்கிக்கொண்டு வரும். அதுதான் எனக்குத் தாங்காது. அவர் சாப்பிட்டுவிட்டு "இன்னைக்கு அக்கா வச்சதா?" என்பார். நான் வைத்த அன்றைக்கும் கேட்பார், ஆமாம் என்று சொல்லிவிடுவேன், இல்லை என்று சொன்னால் முகம் எப்படிப் போகும் என்று பார்க்கத் தைரியம் இல்லை. எனக்கென்று ஒரு அடுப்பு, உப்புக் குறைந்தால் குறைந்தது, கூடினால் கூடியது, தின்று தொலையுங்கள் என்று சொல்கிற மாதிரி ஒரு அடுப்பு. அதற்காக ஒரு மனுஷியைக் காற்றில் பறக்கவிட வேண்டுமா என்றால் வேண்டாம்தான். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்றார்கள் பெரியவர்கள். வீட்டைக் கட்டினால் கட்டுகிறவள் எப்பேர்ப்பட்டவள் என்று அவளுக்கே தெரிந்துபோகும் என்று ஒருத்தரும் எச்சரிக்கவில்லை.

போன மாதம் மூன்று பேரும் மனைக்குப் போனோம். காலையில் பனி விலகாத நேரம், புல்லெல்லாம் ஈரம். அவர் முன்னால் இறங்கிப் போய்விட்டார். நான் செடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். பாதிச் சரிவில் மதினிக்கு முட்டி மடங்கவில்லை. நின்றாள். நான் திரும்பிப் பார்த்தேன், ஒரு எட்டு மேலே ஏறிக் கையைக் கொடுத்திருக்கலாம். அதற்குள் அவள் சேலையைச் சுருட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி உட்கார்ந்த வாக்கிலேயே சறுக்கிக்கொண்டு வந்துவிட்டாள். சேலையெல்லாம் செம்மண். "இனிமே இப்படித்தான்டி வருவேன் எங்க வீட்டுக்கு" என்று சிரித்தாள். எங்க வீடு என்றாள். அந்தச் சறுக்கல் இப்போது பிளானுக்குள் வந்துவிட்டது, படிக்கட்டு என்று ரூபன் போட்டிருக்கிற கோடுகளைப் பார்க்கிறபோதெல்லாம் அதில் மதினி உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குகிறாள். காப்பி போட மேலே ஏறுகிறாள், மாத்திரை போடக் கீழே இறங்குகிறாள், கவின் போன் வந்தால் மேலே. மழைக்காலத்தில் படி ஓதம் கட்டி வழுக்கும். ஒருநாள் நான் அடுக்களையில், என் அடுக்களையில், ஆசை ஆசையாக என் குழம்பைக் கிண்டிக்கொண்டிருக்கும்போது தொம்மென்று ஒரு சத்தம் கேட்கும். கரண்டியை வைத்துவிட்டு ஓடுவேனா? ஓடுவேன். ஓடுவதற்கு முன்னால் ஒரு நொடி நிற்பேனா? அந்த ஒரு நொடியைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. கைப்பிடி போடச் சொல்லலாம், ஸ்டீல் கைப்பிடி, இரண்டு பக்கமும். கைப்பிடி போட்டால் சரியாகிவிடுமா? ஸ்டோர் ரூம் என்று எழுதியிருக்கிற கட்டத்தைப் பார்க்கிறேன். அரிசி மூட்டைக்கும் தேங்காய்க்கும் மேல் தளத்தில் இடம் போட்டிருக்கிறேன், அரிசி மூட்டைக்கு முட்டி வலிக்கும் பார். சே. போதும். இப்போதே அழித்துவிடலாம், யாருக்கும் தெரியாது. நினைத்ததற்கெல்லாம் தண்டனை இல்லை, செய்ததற்குத்தான் தண்டனை, நான் இன்னும் செய்யவில்லை. ரப்பரை எடுத்து ஸ்டோர் ரூம் என்ற எழுத்தின் மேல் வைத்துத் தேய்த்தேன். ஸ் போனது. அப்போது மதினி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள்.

"என்னடி, இன்னும் முடியலையா? இதுல என் ரூம் எது?" இத்தனை நாளில் அவள் கேட்டதில்லை. எது கொடுத்தாலும் சரி என்று இருப்பவள். நான் விரலை வைத்தேன். விரல் தானாகக் கீழ்த் தளத்துக்குப் போனது, மேலே காட்டியிருக்கலாம், அழிக்கத்தானே போகிறேன், ஆனால் விரலுக்கு உண்மைதான் தெரிந்திருந்தது. "இங்க மதினி. காத்து நல்லா வரும்" என்றேன். மதினி குனிந்து பார்த்தாள். பிளானின் ஓரத்தில் ரூபன் வடக்குக்கு ஒரு அம்பு போட்டிருந்தார். மதினி அந்த அம்பைத் தொட்டாள், பிறகு விரலை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தாள். "இது ரோடு, தெக்கு. இது அடுப்படி, அக்னி மூலை. இது உங்க ரூம், கன்னி மூலை. அப்ப..." விரல் என் விரலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. "அப்ப இது வாயு மூலையில்ல?" அவளுக்குத் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும், வீடு கட்டுகிறதைப் பார்த்த எல்லோருக்கும் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது என்று எந்த முட்டாள் தைரியத்தில் இருந்தேன்? "ஆமா மதினி, ஆனா மாத்திரலாம், நான் இப்பத்தான்..." என்று ஆரம்பித்தேன். அவள் காதில் வாங்கவில்லை. அந்தக் கட்டத்தையே பார்த்தாள். பிறகு திரும்பி அடுக்களைக்குப் போய்விட்டாள்.

நான் நாற்காலியிலேயே இருந்தேன். உள்ளே சத்தமே இல்லை, ஒரு கரண்டிச் சத்தம்கூட இல்லை. அழுகிறாளா? அவள் அழுது நான் பார்த்ததில்லை, மாமனார் போன அன்றைக்குக்கூட வந்தவர்களுக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அவரிடம் சொல்வாளா? சொல்ல மாட்டாள், அது இன்னும் மோசம். பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டால்? எங்கே கிளம்புவாள்? சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வருகிறேன். எழுந்து போனேன். காலில் விழுந்துவிடலாம் என்றுதான் போனேன், சொல்ல வேண்டிய வாக்கியம் வாய் வரைக்கும் வந்திருந்தது. மதினி தரையில் உட்கார்ந்து பூண்டுத் தோலைக் குவித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கித்தான் இருந்தது, ஆனால் முகம் வேறு மாதிரி இருந்தது. அந்த முகத்தை நான் இதற்கு முன்னால் பார்த்ததில்லை. "எங்கம்மாவுக்கு இது ஒண்ணுதான் கொறை ஜெயா. பழைய வீட்டுல வாயு மூலையில மாட்டுக்கொட்டம். பொண்ணைப் படுக்க வைக்க அங்கிட்டு ஒரு ரூம் எடுங்கன்னு அப்பாவை நச்சரிச்சுக்கிட்டே இருக்கும். மாட்டைக் கொண்டுபோய் எங்க கட்டுறதும்பாரு அப்பா. கடைசி வரைக்கும் மாடுதான் அங்க படுத்துச்சு." சிரித்தாள், சிரிப்போடு மூக்கை உறிஞ்சினாள். "கல்யாணமாகாத பொண்ணு ஒருத்தி இந்த வீட்டுல இருக்கான்னு இத்தன வருசத்துல யாருக்கும் நெனப்பு வரல. கூடப் பொறந்தவனுக்கே வரல. அத்தைன்னா அத்தை, மதினின்னா மதினி, அக்கான்னா அக்கா. அதுவாவே இருந்துட்டேன். உனக்கு வந்துருக்கு பாரு. எங்கிருந்தோ வந்தவ நீ." "இல்ல மதினி, காத்து..." என்றேன். "காத்துதான், எனக்குத் தெரியாதாக்கும்" என்று என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "இந்த வயசுல என்னத்த நடக்கப் போகுது. நடக்காது, அது எனக்கும் தெரியும். ஆனாலும் ஒருத்தி நெனச்சா பாரு. ஏண்டி, ரோட்டுலருந்து பாத்தா என் ரூம் தெரியுமா?" "தெரியாது மதினி. பள்ளத்துல மறைஞ்சிரும்." "மறையட்டும். வர்றவங்க படி எறங்கி வந்து பாக்கட்டும். நான் எத்தனை பேருக்குக் காப்பித் தட்டை ஏந்திக்கிட்டு நின்னுருக்கேன்."

இப்போது சொல்ல வேண்டும். இதோ இப்போது. மதினி, நீங்க நினைக்கிறது இல்ல, நான் உங்களை விரட்டத்தான் அந்த மூலையில போட்டேன். சொன்னால் என் நெஞ்சு லேசாகும். அவளுக்கு? ஒரு நிமிஷத்துக்கு முன்னால் வந்த அந்த முகத்தை நானே பிடுங்கி எடுக்க வேண்டும். அப்படியானால் சொல்லாமல் இருப்பது அவளுக்காகவா? இல்லையே, எனக்குப் பயமாகவும் இருக்கிறதே. நல்லதுக்கும் கோழைத்தனத்துக்கும் இப்படி ஒரே வாசல் இருந்தால் எந்தப் பக்கமாக வந்தேன் என்று எப்படிச் சொல்ல? அதற்குள் வெளியே பைக் சத்தம் கேட்டது. ரூபன் வந்துவிட்டார், ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தார், நாங்கள் இரண்டு பேரும் எழுந்து மேஜைக்குப் போனோம். மதினி மேஜையைப் பிடித்து முட்டியை ஒருதரம் தேய்த்துவிட்டு நிமிர்ந்தாள். ரூபன் பிளானைப் பார்த்தார், ஸ் போன ஸ்டோர் ரூமைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். "அக்கா, ஒரே ஒரு விசயம். வர்ற வழியில கடையில சாரைப் பாத்து, போன்ல இருந்த பிளானைக் காட்டுனேன். இவங்க ரூம் எப்பக் கீழ போச்சுன்னு கேட்டாரு. முட்டி வலிக்காரவங்க, மேல அடுப்படி பக்கமே கொண்டாந்துருன்னாரு. எனக்கு ஒண்ணும் பிரச்சினை இல்ல, இப்பவே மாத்திரலாம். நீங்க மாத்தச் சொல்லித்தான் நான் மாத்துனேன்னு சொல்லிட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க." நான் மாத்தச் சொல்லி. மதினிக்குக் கேட்டது. அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "நான்தான் கேட்டேன் தம்பி. நான் சொல்லித்தான் ஜெயா உங்ககிட்டச் சொல்லுச்சு" என்றாள். ஒரு பொய்யை அவ்வளவு சுலபமாக, எனக்காக. "என் தம்பிகிட்ட நான் பேசிக்கிறேன். முட்டிக்கு என்ன, மெதுவா ஏறுனா ஏறிரலாம். நீயே சொல்லு ஜெயா."

ரூபன் என்னைப் பார்த்தார். மதினியும் பார்த்தாள். மேலே என்று ஒரு சொல் போதும். அவரே சொல்லிவிட்டார், காரணம் தேட வேண்டியதில்லை, முட்டி வலி, மழை, வழுக்கல், எல்லாம் உண்மையான காரணங்கள், பாவமும் கழுவப்பட்டுவிடும், படியில் யாரும் விழ மாட்டார்கள். மதினியின் கண் என் வாயிலேயே இருந்தது. பரீட்சை ரிசல்ட் பார்க்கிற பிள்ளையின் கண் அது. நான் கேட்டது அப்படியே கிடைக்கப் போகிறது, அவள் தடுக்கவில்லை, நன்றி சொல்லி என் கையில் வைத்து அழுத்துகிறாள். "கீழேயே இருக்கட்டும் தம்பி" என்றேன். "படிக்கு ரெண்டு பக்கமும் கைப்பிடி போட்டுருங்க." ரூபன் சரி என்று தலையாட்டி, பேனாவால் கோட்டின் மேல் அழுத்திப் போட ஆரம்பித்தார். மதினி என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனாள். குரலை இறக்கி, காதுக்குப் பக்கத்தில் வந்து, "நெசமாவே எங்கயாச்சும் எடம் பாக்கச் சொல்லி வச்சிருக்கியாடி?" என்று கேட்டாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல், "சொல்லி வச்சிருக்கேன் மதினி" என்றேன். "சும்மாதான் கேட்டேன்" என்று என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, ரூபனுக்குக் காப்பி போட அடுக்களைக்குப் போனாள். போகிற வழியில் பீரோக் கண்ணாடி முன்னால் நின்று, முன்நெற்றியில் விழுந்திருந்த நரைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டுக்கொண்டு போனாள்.